ஆளில்லாத அறையின் மீற்றர்

2024 ஒக்டோபர் 15, செவ்வாய். இன்று ஒரு சின்னப் பிழை விட்டேன். சோதனைத் தாளில் 'அறையில் யாரும் இல்லை' என்று எழுதினேன். நான் உள்ளே இருந்தேன். நாளை திருத்த வேண்டும்.

மறுநாள் மாலை வகுப்புக்கு வந்த நதீரா, இப்படி எழுதிய தன் நாட்குறிப்பைத் திறந்தபடியே வெளி மேசையில் விட்டுவிட்டுச் செப்பறைக்குள் போனாள். பழைய இரும்புக் கொள்கலன் ஒன்றின் உட்புறம் முழுக்கச் செப்புத் தகடு அடித்து மாணவர்கள் செய்த அறை அது. கதவை மூடினால் வெளியிலிருந்து எந்த அலையும் வராது. தொலைபேசி செத்துவிடும். சத்தமும் வராது. கதவின் கைபிடி வெளியே மட்டும்தான் இருந்தது. மேசைப் பக்கமாக, கண்ணாடியும் நெருக்கமான செப்புவலையும் போட்ட ஒரு சாண் சன்னல்.

உள்ளே இருந்த மின்சார மீற்றர், சாய்ந்தமருதில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடொன்றிலிருந்து கழற்றி வந்தது. ஆளில்லாத வீட்டில் அது ஓடியதாம். பக்கத்துத் தொலைபேசிக் கோபுரத்தின் அலை அதைக் குழப்பியிருக்கும் என்று விரிவுரையாளர் அழகரெத்தினம் சேர் சொன்னார். அதைச் சோதிக்க, அறைக்குள் ஒரு கருவியால் அதே மாதிரி அலையை விட்டுப் பார்த்தாள் நதீரா. ஆனால் நேற்று அந்த அலையை நிறுத்திய பிறகும், ஒரு பல்புகூட மாட்டாத மீற்றரில், மின்சாரம் ஓடினால் மட்டும் மின்ன வேண்டிய சிவப்புப் புள்ளி மின்னியது. தான் அலையை நிறுத்தவே மறந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் நதீரா இரவெல்லாம் புரண்டாள்.

"இண்டைக்கு அலைய நானே நிப்பாட்டிட்டன்," என்றார் ஆய்வுகூட உதவியாளர் மிஹ்லார். "இனியும் மின்னினா ஜின்னுதான். பில்ல அதுர பேர்லயே போடுவம்."

"வாங்கு சொன்னா மறந்திராதீங்க காக்கா."

"மறந்தா நீங்களும் அதோட இருங்க."

தொழுகைக்கு அழைக்கும் வாங்கு செப்பறைக்குள் கேட்காது என்பதால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. அந்தி நேர மஃரிபுக்கு வாங்கு சொன்னதும் வெளியே இருப்பவர் உள்விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டுக் கதவைத் திறந்துவிடுவார்.

கதவு மூடியது. வெயிலில் காய்ந்த இரும்பின் சூடும், பழைய நாணயத்தை நாக்கில் வைத்ததுபோன்ற செப்பின் வாடையும் மெல்ல மெல்லச் சூழ்ந்துகொள்ள, கடலின் இரைச்சலும் தெருவின் ஓட்டோச் சத்தமும் அறுந்துபோன அந்த அமைதியில் தன் மூச்சு மட்டும் யாரோ அருகில் இருந்து விடுவதுபோல் அவளுக்குக் கேட்டது.

சிவப்புப் புள்ளி மின்னியது.

அவள் மூச்சை விட்டபோது மின்னியது. உள்ளே இழுத்தபோது அணைந்தது. தற்செயலாக இருக்கலாம். அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. மூச்சைப் பிடித்தாள். புள்ளி நின்றது. மறுபடி விட்டாள். மின்னியது. என் உடம்பின் ஏதோ மின்சாரம், இதை அழகரெத்தினம் சேரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி, உறுதிசெய்ய இன்னொருமுறை மூச்சைப் பிடித்தாள்.

புள்ளி மின்னியது.

மெதுவாக. அவளுடையதைவிட நீளமாக. அவள் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் இருந்து வரும் மூச்சின் தாளத்தில்.

அவள் திரும்பவில்லை. கதவைத் தட்டக் கை எழவில்லை. கால் மரத்திருந்தது. பிடரியில் சூடு பட்டது.

விளக்கு அணைந்தது. எரிந்தது.

வாங்கு. அல்ஹம்துலில்லாஹ். கதவு திறந்தது. உப்புக்காற்றோடு வாங்கின் கடைசி வரி உள்ளே வந்தது. எழும்ப முயன்றாள். முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு அபாயா அங்கியின் விளிம்பு அவள் தோளை உரசிக்கொண்டு முன்னே போனது.

"வாங்க தங்கச்சி, நேரம் போகுது," என்றார் மிஹ்லார்.

"ஓம் காக்கா, வாறன்."

அவளுடைய குரல். அவள் வாய் திறக்கவில்லை.

கதவு மூடியது.

கத்தினாள். செப்பு அதை விழுங்கியது. காலை இழுத்துக்கொண்டு போய்க் கதவில் மோதினாள். கைபிடி இல்லாத தகடு. மீற்றரைப் பார்த்தாள். மூச்சு விட்டாள். புள்ளி மின்னவில்லை. பலமாக விட்டாள்.

இருண்ட புள்ளி. அசையாத எண்.

சன்னலில் முகத்தை அழுத்தினாள். வலைக்கு அப்பால், மேசையில் குனிந்து, அவள் முகத்தோடு ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து சன்னலை நேராகப் பார்த்தாள். பிறகு அவளுடைய கையெழுத்திலேயே நிதானமாக எழுதி முடித்தாள்.

2024 ஒக்டோபர் 16, புதன். நேற்று எழுதியதில் பிழை இல்லை. அறையில் யாரும் இல்லை. நாளைய வேலை: செப்பறையைப் பூட்டி, சன்னலுக்கும் தகடு அடிக்க வேண்டும்.