வாயுவா என்று கேட்டேன்

காலை ஐந்து மணிக்கு மெய்ச்சட்டையை மாட்டிக்கொண்டு நாங்கள் எட்டுப் பேரும் அதனிடம் கேள்வி கேட்க நிற்போம். மணப்பாட்டுக் கடலிலிருந்து விண்ணுக்குப் போகும் வான்கம்பிக்குக் கிரீஸ் பூசுவது எங்கள் வேலை. சட்டையின் சென்சார் நாடி, மூச்சு, வியர்வை எல்லாம் அறியும். ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஒரு காலத்தில் இயந்திரங்கள் உடம்பின் சேதியை முதலாளியிடம் முந்திச் சொல்லிவிட, பலருக்கு வேலை போனதாம். பிறகு வந்தது சட்டம்: கேட்டவருக்கு மட்டும், கேட்டதை மட்டும்.

ஐப்பசியில், கம்பி வழியே எங்களை மேலே ஏற்றிப்போகும் தூக்கி நடுவானில் அரைமணி நேரம் நின்றுபோனது. அன்றிலிருந்து எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை நனையும். சோறு இறங்காது. கிரீஸ் வாளியை இரண்டு தடவை கை தவறிக் கடலில் போட்டேன்.

வாயுவா என்று சட்டையைக் கேட்டேன். இல்லை என்றது. பித்தமா? இல்லை. கண்ணேறா என்றும் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு நோய் தன் பட்டியலில் இல்லை என்று மரியாதையாகச் சொன்னது. அப்படியும் குழுவே கூடி என் வாயுவுக்கு மருந்து சொல்ல, ஒரு மாதம் பூண்டு தின்றேன்.

சரியான கேள்வி எனக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துவிட்டால் மறைக்க முடியாமல் போய், மேலே ஏற விடமாட்டார்களோ என்றுதான் கேட்கவில்லை. அந்த உயரத்தில் விடியலைப் பார்க்கிற வேலையை விட மனமில்லை.

ஒரு நாள் இடுப்புக் கொக்கியை மூன்று தடவை மாட்டியும் அது வளையத்தில் விழவில்லை. என் ஜோடி செல்லக்கிளி பார்த்துவிட்டாள்.

“ஏட்டி மாடத்தி, ஒன் கயித்துலதான நானும் தொங்குதேன். ஒழுங்காக் கேளு.”

கண்ணை மூடிக்கொண்டேன். “இது பயமா?”

“ஆம்,” என்றது சட்டை.

அப்புறம் கேள்விகள் தானாக வந்தன. இதற்குப் பேர் உண்டா? மனப்பதற்றம். தீருமா? தீரும். யாரிடம் போக? கரையில் மருத்துவர் ரெஜினாவிடம்.

போனேன்; நான் சொன்னதை அவர் அவசரமில்லாமல் கேட்டார். மூச்சை நீட்டி விடப் பழக்கினார். மூன்று வாரம் கீழே வேலை, வியாழன்தோறும் வந்து பேச வேண்டும், பிறகு மேலே போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். வேலை போகவில்லை.

நாலாவது வாரம் தூக்கி கிளம்பியது. நெஞ்சு லேசாக அடித்தது.

“பயமா இருக்குட்டி,” என்றேன்.

செல்லக்கிளி கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஏறுன நாள்ல இருந்து எனக்கும்தான். ஒருத்தரும் கேக்கலயே.”

பின்னால் ஒருவர் சிரித்தார். தான் இத்தனை வருஷமும் கண்ணை மூடிக்கொண்டே வருவதாகச் சொன்னார். ஆளுக்கு ஆள் தொடங்கிவிட்டார்கள். யார் பயம் பெரிது என்று சண்டையே வந்துவிட்டது. தூக்கி உச்சியில் நின்று கதவு திறந்ததை யாரும் கவனிக்கவில்லை.