கச்சை விதானம்

அந்தி மயங்கும் வேளை. வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் கீழ்வானத்து முழுநிலவு தன் பொன்னைக் கரைத்துக்கொண்டிருந்தது. நாணற் புதர்களில் கொக்குகள் அடைந்தன. கரையிலிருந்து செங்குன்றக் கோட்டை வரை மருத மரங்கள் கருத்து நின்றன. ரசிக்கத் தகுந்த காட்சிதான், வாசகர்களே! ஆனால் அந்தக் கோட்டைக்குள் பிணங்களின் இடையிலிருந்து உருவிய கச்சைகளைச் சேர்த்துத் தைத்து, வென்றவன் தலைக்கு மேல் கட்ட விதானம் ஒன்றை முடித்துக்கொண்டிருந்தாள், தோற்றுப்போன நாட்டுப் பெண்ணொருத்தி.

அவள் பெயர் ஆதிநங்கை. கோட்டையைக் கடைசிவரை காத்துச் சிறைப்பட்ட படைத்தலைவன் தத்தனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். வெற்றி பெற்ற விடங்கப் பேரரையன் அவளை அழைத்துச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்:

"கிழிந்த கொடி, செத்தவன் கச்சை, வாழைநார், எருக்கம் பஞ்சு. இவை தவிர வேறொன்றும் தரமாட்டேன், பெண்ணே. விழாவன்று விதானம் என் அரியணைக்கு மேல் தொங்கினால் உன் தத்தன் உயிரோடு வெளியே போவான். இது என் வாக்கு."

மகாபாவி! அந்த வாக்கை நம்பி அவளும் இரத்தக் கறையைக் கழுவிக் கழுவித் தைத்தாள். கொடிகள் மலர்களாயின, வாழைநார் அவற்றுக்குக் காம்பாயிற்று, எருக்கம் பஞ்சு விளிம்பெங்கும் வெண்குஞ்சமாகத் தொங்கிற்று. அப்போது கச்சைக் குவியலின் அடியிலிருந்து ஒரு கச்சை வந்தது. அதன் கரையில் செந்நூலோடு ஒரு கூந்தல் இழையும் முறுக்கப்பட்டிருந்தது. அவள் கூந்தல்! போருக்குப் புறப்பட்ட தத்தனின் இடையில் அவளே கட்டிய கச்சை!

"இறந்தவனைக் காட்டியா, விடங்கா, என்னை வேலை வாங்கினாய்?" என்று வாய்விட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசனைக்கு என்று காவலரிடம் சொல்லிக் குங்கிலியம் கேட்டு வாங்கினாள். அதை எண்ணெயில் உருக்கி ஒவ்வோர் இழையிலும் ஏற்றினாள். தொங்குவிளக்கைக் குஞ்சத்தை ஒட்டியே கட்டினாள். ஒரு பொறி பட்டால் போதும், அத்தனையும் எரிந்து அரியணைமேல் விழும்.

விழா தொடங்கியது. விதானம் செய்தவரே முதல் விளக்கை ஏற்றுவது அந்நாட்டு வழக்கம். விடங்கன் அரியணையில் சாய்ந்திருக்க, நங்கை கைச்சுடரை உயர்த்தினாள்.

"பொறு! என் வாக்கையும் நிறைவேற்றிவிடுகிறேன்" என்றான் விடங்கன். "அவனைக் கொண்டு வாருங்கள்!"

வாயிலில் தத்தன் நின்றான். மெலிந்து, தாடி வளர்ந்து, உயிரோடு!

அவள் பார்வை அவன் இடைக்குப் போயிற்று. அதைக் கண்டு அவன் தன் கச்சையைத் தொட்டுக் காட்டினான். "இது என் தோழன் பூவனுடைய கச்சை, நங்கை. போருக்கு முதல் நாள் நண்பர்கள் கச்சை மாற்றிக்கொள்வது எங்கள் பாசறை வழக்கம். பெண்களிடம் சொல்வதில்லை. உன் கச்சையோடு அவன் களத்தில் விழுந்துவிட்டான்."

ஐயோ! சுடர் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் அணைந்தது.

விடங்கன் முட்டாளல்லன். எழுந்து விதானத்தின் விளிம்பைத் தொட்டு முகர்ந்தான். அவள் அருகே குனிந்து, தத்தன் காதில் விழாதபடி பேசினான்.

"குங்கிலியம். எனக்கா? நான் பொய் சொல்லவில்லையே, பெண்ணே. அவன் விடுதலைதான். போகுமுன் விளக்கை அவனே ஏற்றட்டும்; நீ இங்கே என் இடத்தில் உட்கார். அவனிடம் இதைச் சொன்னாலோ, எழுந்தாலோ, அவன் தலை உருளும்."

விடங்கன் தூண்களுக்கு அப்பால் விலகி நின்றான். அவள் அரியணையில் உட்கார்ந்தாள். தத்தன் கையில் புதுச் சுடரைக் கொடுத்தார்கள்.

"தோற்ற நாட்டுப் பெண்ணுக்கு இத்தனை மரியாதையா!" என்று வியந்தான் அவன். "கை நடுங்குகிறது, நங்கை. இதை ஏற்றியதும் நாம் ஆற்றைக் கடந்துவிடலாம் அல்லவா?"

"நீங்கள் கடந்துவிடுவீர்கள்" என்றாள் நங்கை. "நடுங்காமல் ஏற்றுங்கள், சுவாமி."

தத்தன் அவளைப் பார்த்துச் சிரித்தபடியே சுடரை உயர்த்தினான்.