மூடிய கண்களுக்கு முழு மதிப்பெண்

அப்பா கை கழுவுகிற இடத்தில் கோடு தலைகுப்புற விழுந்திருந்தது. ஜெனோவா கைபேசியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மறுபடியும் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அது விழுந்துதான் கிடந்தது.

அவள் படிக்கும் திரைப்படக் கல்லூரியில் இப்போது யாரும் கருத்தை வாயால் சொல்வதில்லை. வாய், எதிரே நிற்கிற முகத்துக்காக "நல்லா இருக்கு" என்று முடித்துக்கொண்டுவிடும். அதனால் ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் விழிமானி என்ற பொத்தான் அளவுக் கருவியைப் பதித்துவிட்டார்கள். பார்ப்பவர் கண் திரையில் நிற்கிறதா, அலைகிறதா, மூடிவிட்டதா என்று அது நொடிக்கு நொடி குறித்துக்கொள்ளும். எல்லார் கணக்கையும் சேர்த்து ஒரே கோடாக வரைந்து தரும். கோடு விழுந்தால் மதிப்பெண்ணும் விழும்.

இந்தப் பருவத் தேர்வு, ஒரு பழைய படக் காட்சியை மறுபடி எடுப்பது. வேலை போன மனிதர் வீட்டுக்கு வருகிறார். மனைவியிடம் சொல்ல வாய் வராமல், குழாயடியில் கை கழுவிக்கொண்டே நிற்கிறார். ஜெனோவா தன் அப்பா சூசையையே நடிக்க வைத்திருந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் தாமாகவே ஓடத் தொடங்கியதிலிருந்து அவர் வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு நடிப்புச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கைகள் வரும் இடத்தைப் படத்திலிருந்து வெட்டினால் தேறிவிடலாம். வெட்டிய படத்தை அப்பாவுக்கு எந்த முகத்தோடு காட்டுவது? இறுதித் திரையிடலுக்கு அவர் ரயிலேறி வருகிறார். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முன்னோட்டத் திரையிடலின் இருக்கைவாரியான கணக்கைத் திறந்தாள். முதலில் கண்ணை மூடியவன் அவள் வகுப்பு நண்பன் முபாரக்! ஆத்திரத்தோடு அவனைத் தேடிப் போனாள்.

"நீயுமாடா தூங்குன?"

"தூங்கல ஜெனோ." அவன் தரையைப் பார்த்தான். "ஆட்டோவ வித்துட்டு வந்த அன்னைக்கு எங்க அத்தாவும் இப்டித்தான் குழாயடியில நின்னாரு. பாக்க முடில. மூடிக்கிட்டேன்."

அவள் மற்றவர்களையும் கேட்டாள். கிட்டத்தட்ட எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். உடனே பேராசிரியர் வேதவல்லியிடம் ஓடினாள்.

"மேடம், மிஷினுக்குத் தூக்கமும் துக்கமும் ஒண்ணாத் தெரியுது."

வேதவல்லி நியாயமானவர். மறுநாளே கருவியின் கணக்கை மாற்றச் சொன்னார். இனி, திறந்த கண்ணைவிட மூடிய கண்ணுக்கு மதிப்பு அதிகம். ஜெனோவாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஒரு நொடியைக்கூட வெட்டாமல் படத்தைக் கொடுத்தாள்.

இறுதித் திரையிடலன்று சூசை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் முபாரக்கின் படம். நண்பன் தேற வேண்டுமே என்று ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் என்ன எடுத்திருந்தான் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்தது, அதற்கடுத்தது என்று வந்த எல்லாவற்றுக்கும் அப்படியே செய்தாள்.

பிறகு அவள் காட்சி வந்தது. அப்பா குழாயைத் திறந்தார். தண்ணீர் கைமேல் விழுந்தது. ஓரச்சுவரில் ஒளிர்ந்த கோடு விறுவிறுவென்று ஏறி உச்சியைத் தொட்டது. இதுவரை எந்த மாணவருக்கும் அது அவ்வளவு உயரம் போனதில்லை. ஜெனோவா பெருமையோடு திரும்பி அரங்கைப் பார்த்தாள்.

வரிசை வரிசையாக எல்லாரும் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்கள். முபாரக்கும்தான். அவளுக்காக.

சூசை மட்டும் திரையில் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மகள் காதருகே குனிந்தார்.

"என்னம்மா, எல்லாரும் உறங்கிட்டாவளா?"