முளைக்குழியில் சிமெண்ட்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. அந்த ஃபோனைக் கவுத்து வையுங்க. காதல் கதை ஒண்ணு சொல்றேன். ஆனா முன்னாடியே சொல்லிடறேன், இது ரோஜாப்பூ நீட்டி ஆரம்பிச்ச காதல் இல்ல. கடப்பாரையில ஆரம்பிச்சது. கேக்கும்போது உங்களுக்கும் கோவம் வரும். வரட்டும். சொல்ல வாயெடுத்ததுமே எனக்கு வந்துடுச்சு.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெரு. கார்த்திகை மாதக் கடைசி. நாள்கணக்கில் அழுது தீர்த்த வானம் அன்றைக்குக் காலையில்தான் முகம் துடைத்துக்கொண்டு வெயிலைக் காட்டியது.

வெயிலைப் பார்த்ததும் ஜீவிதா துள்ளி எழுந்தாள். காலேஜுக்கு லீவு! மரமுளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மரமுளை எதற்கு என்கிறீர்களா? புடவையின் நீளவாட்டத்து நூலுக்குப் பாவு என்று பெயர். அதைத் தெருவில்தான் நீட்டவேண்டும். தெருவின் இரண்டு கோடியிலும் தரையில் பதித்த கல்லில் குழி இருக்கும். குழியில் முளையை நட்டு, இந்த முளைக்கும் அந்த முளைக்கும் நடுவே பட்டு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இளவெயிலில் காயவைத்துச் சுருட்டினால்தான் பாவு தறி ஏறும். வீட்டுக்குள் அவ்வளவு நீளத்துக்கு எங்கே போவது?

அன்றைக்கு நீட்டவேண்டிய பாவு மாதுளைச் சிவப்பு. ஜீவிதாவின் அப்பா மாணிக்கவேல் ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்தவர். தன் வீட்டுப் பெண்ணுக்கென்று பாவு போட்டது இதுதான் முதல் தடவை. மூத்தவள் காவேரிக்குத் தை மாதம் கல்யாணம். மழையால் ஏற்கெனவே நாள் நழுவிவிட்டது. இன்றைக்கு நீட்டினால்தான் புடவை முகூர்த்தத்துக்கு முடியும்.

ஜீவிதா முளையைக் குழியில் இறக்கினாள்.

'டக்.'

இறங்கவில்லை. குனிந்து பார்த்தாள். குழியைக் காணோம்... வழவழவென்று சிமெண்ட். அதன்மேல் குச்சியால் 'என்.எஸ்.எஸ்' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றும் வரைந்திருந்தது.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குத் தலை கொதித்தது. எதிர்க்கோடிக்கு ஓடினாள். அங்கேயும் சிமெண்ட். அடுத்த தெருவுக்கு ஓடினாள். வெயில் வந்த சந்தோஷத்தில் அங்கே வீட்டுக்கு வீடு பாவு நீட்டியாகிவிட்டது. ஒரு விரல் இடமில்லை.

முளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனையில் கேட்ட சிரிப்புச் சத்தத்தை நோக்கி அவள் நடந்த நடை இருக்கிறதே... அம்மன் தேர்கூட அப்படி வேகமாக வராது.

முனையில் கல்லூரிப் பிள்ளைகள் துடைப்பத்தைப் பிடித்தபடி வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நிற டி-ஷர்ட். பின்னால் பேனர். ஒருவன் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி, எல்லாரையும் படத்துக்குள் அடக்கப் பின்னாலேயே நடந்து வந்தான்.

"இன்னும் கொஞ்சம் ஸ்மைல்... ஸ்மைல்... ஆங், அப்படியே..."

'தொம்.' முதுகு முளையில் மோதியது. ஃபோன் சாக்கடையில் விழுந்தது.

"ஐயோ, என் ஃபோனு!"

"பின்னாலயே நடந்து வர்றியே, உனக்குக் கண்ணு முதுகுலயா இருக்குது?"

அவன் திரும்பினான். கதிர்வேல். ஏனாத்தூர் தாண்டி ஒரு கிராமத்தில் நெல் போடுகிற வீட்டுப் பையன். கல்லூரியின் என்.எஸ்.எஸ் சேவை முகாமுக்கு அவன்தான் மாணவர் தலைவன். சாக்கடையில் கைவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டே நிமிர்ந்தவன், அப்படியே நின்றுவிட்டான். அவள் கண்கள்... மழைக்கு முந்தின நிமிஷத்து வானம் மாதிரி இருண்டு, உள்ளே மின்னிக்கொண்டு...

"அந்தக் குழிங்கள யாருபா அடைச்சது?"

பாவம், பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"நாங்கதாங்க! எல்லாத்துலயும் மழைத்தண்ணி நின்னு கொசுப்புழு நெளிஞ்சுக்கினு இருந்துச்சு. நேத்து சாயங்காலமே சிமெண்ட் வெச்சு அடைச்சுட்டோம். தேங்க்ஸ்லாம் வேணாங்க, இது எங்க கடமை."

"தேங்க்ஸா? வாய்ல நல்லா வருது எனக்கு! அது ரோட்டுப் பள்ளம்னா நெனச்ச? பாவு நீட்டற முளைக்குழிபா அது! எங்க அக்கா முகூர்த்தப் புடவை உள்ள மூட்டையா கெடக்குது. இன்னிக்கு வெயில்ல நீட்டலைன்னா புடவையே இல்ல!"

கதிர்வேலுக்கு முகம் வெளுத்தது. பயத்தில் மனிதனுக்கு வாயில் ஏதாவது உளறல் வரும் இல்லையா? அவனுக்கும் வந்தது.

"இல்லீங்க... காஞ்சிபுரம்தானே... தெருவுக்குத் தெரு கடை இருக்குது... ஒண்ணு வாங்கிக்கக்கூடாதுங்களா?"

துடைப்பம் பிடித்திருந்த பிள்ளைகள்கூட மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"நெல்லு வெளையற வீட்டுல போயி, அரிசி கடையில கெடைக்குதேன்னு வயலுக்குத் தீ வைப்பியா நீ?" என்று கேட்டாள் ஜீவிதா. கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.

பேராசிரியர் கலியாணசுந்தரம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகாமுக்கு அவர்தான் பொறுப்பு.

"என்னம்மா கலாட்டா?"

விஷயத்தைக் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு நிறைவு விழா. சீஃப் கெஸ்ட் இந்தத் தெருவை நடந்து பாக்கறாரு. அவரு பாத்துட்டுப் போனதும் உடைச்சுக்கலாம். ஒரு நாள்தானே?"

"நாளைக்கு வெயில் அடிக்கும்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா சார்?"

"உங்க நல்லதுக்குத்தானேம்மா பண்ணோம்? நன்றியே இல்லாத ஜனங்களா இருக்கீங்களே!"

கேட்டீங்களா கண்ணுங்களா? நல்லது பண்ணாங்களாம்! நல்லது பண்ண வந்தவங்க ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, 'இந்தக் குழி எதுக்குமா?'ன்னு கேட்டிருந்தா வாயில முத்தா உதிர்ந்துடும்? அந்தத் தெருவுல கதவே இல்லாத வீடா இருந்துச்சு? போட்டோவுக்கு நிக்கிறதுக்கு மட்டும் எல்லா வீட்டு வாசலும் தெரிஞ்சுது. எனக்கு இந்த இடம் வந்தா பல்லு நறநறங்குது, போங்க.

கதிர்வேல் முகாம் சாமான்கள் குவித்திருந்த இடத்துக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தான்.

"கதிர்வேல், கீழ வை! இப்ப அதைத் தொட்டே... நீ லீடரும் இல்ல, உனக்கு சர்டிபிகேட்டும் இல்ல."

"வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்" என்றான் கதிர்வேல். அவனுக்கும் கோபம்தான். அவர்மேல் பாதி. சிரிக்கிற முகம் வரைந்த தன் விரல்மேல் மீதி.

இடித்தான். சிமெண்ட் சிதறிச் சிதறித் தெறித்தது. ஜீவிதா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கல்லு உடையாம இடி!"

"இடிக்கிறேங்க."

"சீக்கிரம் இடி! வெயில் ஏறுது."

"ஏறட்டுங்க... இடிச்சுக்கினேதான இருக்கேன்!"

"பதில் வேற பேசுது பாரு!"

அவன் இமை மயிரிலெல்லாம் சிமெண்ட் தூள். நீளமான இமை... வேர்வை வழிந்து, தூள் கரைந்து... 'ச்சீ, அக்கா புடவை போய்க்கினு இருக்குது, இமையைப் பாக்குதாமே இமையை!' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்தக் கோபத்தையும் சேர்த்து அவன்மேலேயே போட்டாள்.

ஒருவழியாக இரண்டு கோடியிலும் குழி திறந்தது. மாணிக்கவேல் மூட்டையைப் பிரித்தார். "தம்பி, அந்த முனையைப் புடி" என்றார், யார் எவன் என்றுகூடக் கேட்கவில்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மாதுளைச் சிவப்பு விரிந்தது... ஒரு நிமிஷம் எல்லாருமே கோபத்தை மறந்து பார்த்தார்கள். கஞ்சி தெளித்தார்கள். பாதி காய்ந்திருக்கும்...

பொட்டென்று ஒரு துளி. ஜீவிதாவின் கன்னத்தில்.

"சுருட்டு! சுருட்டு!"

ஓடினார்கள், சுருட்டினார்கள். இருந்தாலும் தூறல் தன் வேலையைக் காட்டிவிட்டது. காயாத இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மாணிக்கவேல் பாவுச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த அணைப்புதான் ஜீவிதாவைக் கிழித்தது.

நனைந்துகொண்டு நின்ற கதிர்வேலைப் பார்த்தாள்.

"என்ன, போட்டோ எடுக்கலையா? சேவை முடிஞ்சுதே! இதையும் போட்டு லைக் வாங்கிக்கோ."

கை முழுக்கக் கொப்புளம் அவனுக்கு. பின்னால் மறைத்துக்கொண்டான். "மன்னிச்சிடுங்க" என்றான். கதவு சாத்துகிற சத்தம்தான் பதிலாக வந்தது.

முகாம் முடிந்தது. விழா நடந்தது. மேடையில் கதிர்வேல் பெயரைக் கூப்பிடவே இல்லை என்று ஜீவிதாவின் தோழி சொன்னாள். "எனக்கென்ன?" என்றாள் ஜீவிதா. அன்று இரண்டாவது தோசையை வேண்டாம் என்றுவிட்டாள்.

பாவு தறி ஏறியது. நனைந்த இடம் வரும்போதெல்லாம் இழை அறுந்தது. அப்பாவுக்குக் கண் மங்கல். ஜீவிதாதான் தினமும் காலேஜ் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த இழையின் நுனிகளைத் தேடித்தேடிச் சேர்த்து முடிந்தாள். இழை அறும். "பாவி கதிர்வேலு!" என்பாள். முடிவாள். மறுபடி அறும். "லீடராம் லீடரு!" என்பாள். முடிவாள்.

இதற்கு நடுவே எதிர்வீட்டுக் குழந்தைக்கு டெங்கு வந்தது. ஜீவிதா ஒருநாள் முளைக்குழிக்குள் எட்டிப் பார்த்தாள். தேங்கிய தண்ணீரில் புழு நெளிந்துகொண்டிருந்தது. அவன் சொன்னது பொய்யில்லை. அதற்கும் அவளுக்கு அவன்மேல்தான் கோபம் வந்தது. தப்பு மொத்தமும் அவனுடையதாகவே இருந்திருந்தால் திட்டுவதற்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோலம் போட வாசலுக்கு வந்தவள், தெருக்கோடியில் யாரோ குத்துக்காலிட்டுக் குழியில் கைவிடுவதைப் பார்த்தாள். டி-ஷர்ட் இல்லை, கூட்டம் இல்லை, பேனர் இல்லை. கோலப்பொடிக் கிண்ணத்தோடு ஓடினாள்.

"டேய்! மறுபடியுமா?"

கதிர்வேல் பதறி எழுந்தான்.

"சிமெண்ட் இல்லீங்க! மூடி... மரமூடி. வேப்பமரம். வேணும்ன்றப்ப புடுங்கிட்டு முளை நடலாம். மத்த நேரம் தண்ணி எறங்காது. வேணுமா வேணாமான்னு கேட்டுட்டுதான் போடலாம்னு... மொதல்ல அளவு மட்டும்..."

சாக்குப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். அவன் உள்ளங்கையில் காய்ப்பு. வாங்கிப் பார்த்தாள். கோணல் மாணலாக இருந்தது.

"எந்த ஆசாரி செஞ்சான் இதை? கண்றாவியா இருக்குது."

"நான்தாங்க."

"தெரியுது."

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. முகத்தை இன்னும் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"ஏங்க... அக்கா புடவை?" என்று கேட்டான். "தூங்கவே முடியலீங்க. அதைக் கேட்டுட்டுப் போயிடறேன்."

"நெசவு நடக்குது. நீ புண்ணியம் கட்டிக்கின எடத்துல மட்டும் பட்டு பட்டுன்னு அறுந்துக்கினே இருந்துச்சு. ஒவ்வொண்ணா நான்தான் முடிஞ்சேன். ஒவ்வொண்ணுக்கும் உன் பேரைச் சொல்லித் திட்டிக்கினே முடிஞ்சேன், தெரியுமா?"

"தினமுமா?"

"தினமும்தான்!"

"அப்போ தினமும் என்னை நெனச்சிருக்கீங்க..."

"திமிரு பாரேன்!"

அவன் சிரிக்கவில்லை. "நானும் தினமும் நெனச்சேங்க. எங்க வீட்டுல, காலேஜுல... என்னை நல்ல பையன்னு தட்டிக்குடுத்தவங்கதான் எல்லாரும். தப்பு பண்ணிட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னது நீங்க ஒருத்தர்தான். ஆயுசுக்கும் நீங்களே சொல்லிக்கினு இருந்தா... நல்லா இருக்கும்னு தோணுது."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது.

ஜீவிதா வீட்டுப் பக்கம் திரும்பினாள். வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது... தடக்... தடக்... தடக்... ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"நனைஞ்ச எடம் தாண்டிடுச்சு" என்றாள் மெல்ல. "முந்தாநாள்லேர்ந்து ஒரு இழைகூட அறல. முகூர்த்தத்துக்கு முன்னாடியே முடிஞ்சுடும்னு அப்பாவுக்கு சந்தோஷம். அக்காவுக்கு சந்தோஷம். எனக்கு மட்டும்..."

"உங்களுக்கு?"

"எனக்கு மட்டும் எரிச்சல் எரிச்சலா வருதுடா!" கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. "தறிக்குப் பக்கத்துல உக்காந்து, ஒண்ணாவது அறுந்து தொலையாதான்னு பாத்துக்கினு இருக்கேன். சொந்த அக்கா புடவைக்கு எவளாவது இப்படி வேண்டிக்குவாளா? உன் பேரைச் சொல்ல எனக்கு வேற சாக்கு இல்லாம பண்ணிட்டியே... அறிவிருக்குதா உனக்கு? இவ்ளோ நாள் கழிச்சா வருவ?"

"சாக்கு இல்லாமயே சொல்லுங்க" என்றான் கதிர்வேல்.

"கதிர்வேலு" என்றாள், கோபமாகத்தான்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. அவன் வேற சாதி, வேற ஊர்... ரெண்டு வீட்டுலயும் அதுக்கப்புறம் கிளம்பின கோவத்தை நான் சொல்ல ஆரம்பிச்சா இங்க பாலெல்லாம் திரிஞ்சுடும். ரெண்டும் அசரல, அது போதும் உங்களுக்கு.

எழுந்து போங்க, நேரமாச்சு. உங்க வீட்டு அடுப்பு அணையாம இருக்கணும். உங்க பிள்ளைங்க நல்லது பண்ணப் போற எடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ற பிள்ளைங்களா வளரணும். உங்க வீட்டுல கோவம் வந்தா, சோறு ஆறுறதுக்குள்ள அது ஆறணும். உரிமையாத் திட்டறதுக்கு ஒருத்தரும், அதைச் சிரிச்சுக்கினே கேக்கறதுக்கு ஒருத்தரும் உங்க வீட்டுல எந்நாளும் குறையாம இருக்கணும். நல்லா இருங்க, மகராசியா, மகராசனா.