ஊசி படாத கை

“பழைய மாத்திரைதான் டாக்டர்! கீரை அதுக்கு ஆகாதுன்னு வீட்ல சமைக்கிறதேயில்ல. வாராவாரம் லேபுக்குப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பாரு. இன்னைக்குக் காலையிலயும் போனாரு. ‘என் ரத்தத்தை உறிஞ்சுறதுல உனக்கும் லேபுக்கும்தான் போட்டி’ன்னு சிரிச்சுக்கிட்டே...”

அந்த அம்மாள் அவசரப் பிரிவின் திரையைப் பார்த்தாள். திரைக்கு அப்பால் அவர் கணவர் நினைவின்றிக் கிடந்தார். தன் கடையில் ஏணியிலிருந்து விழுந்தவர். மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிட்ட மருந்தை முறித்தாக வேண்டும்.

நர்ஸ் அவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். பட்டையில் ஒரு வாத்துப் படம் ஒட்டியிருந்தது.

“பழைய மாத்திரைக்கான முறிவு மருந்து ரெடி சார். போட்டுடலாமா?”

“பொறு.” மருத்துவர் நோயாளியின் கைகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கை மடிப்பு, விரல் நுனிகள். “மாத்திரையை யாரும்மா எடுத்துக் கொடுப்பாங்க?”

“அவரேதான். கடையில வச்சிருக்காரு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

“பழைய மாத்திரை ஒரு வேளைதான். இன்னைக்கு ரத்தம் கொடுத்ததா சொன்ன கையில ஊசி பட்ட தடமே இல்ல. இவர் டெஸ்ட் தேவைப்படாத புது மருந்துக்கு மாறிட்டாரு.”

“அப்போ வாராவாரம் எங்க போனாரு?” என்றாள் நர்ஸ், கண்கள் விரிய.

மருத்துவர் கடிகாரப் பட்டையிலிருந்த வாத்துப் படத்தைக் காட்டினார். “வீட்ல குழந்தை இருக்காம்மா?”

அந்த அம்மாளின் முகம் வெளிறியது. “இல்ல... மகளுக்கு ஒரு பையன். வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு அவளைத் துரத்தினவளே நான்தான்.”

“அதான் உங்ககிட்ட மறைச்சிருக்காரு. டெஸ்ட் நின்னுபோச்சுன்னு சொன்னா பேரனைப் பார்க்கப் போக சாக்கு ஏது?” அவர் குரல் தணிந்தது. “ரெண்டு வேளை சாப்பிடுற புது மருந்து ரெண்டு இருக்கு. ஒண்ணோட முறிவு மருந்து இன்னொண்ணுக்குப் பலிக்காது. இவரைத் தூக்கிட்டு வந்தவங்க கடையைப் பூட்டிட்டாங்க, சாவி யார்கிட்டன்னு தெரியல. இனிமே ரத்தம் எடுத்து லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் இவர் தாங்க மாட்டாரு. மகளுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

திரைக்குள் இயந்திரம் அலறியது. நர்ஸ் ஓடினாள்.

போனிலிருந்து என்றோ அழித்த எண்ணை அந்த அம்மாளின் விரல் மறந்திருக்கவில்லை. மணி அடித்தது. மறுமுனையில் மகள் எடுத்தாள்.

“நான்தாண்டி... வச்சிடாத. என்னைத் திட்டுறதை அப்புறமா திட்டிக்கோ. அப்பா சாப்பிடுற மாத்திரை பேரு உனக்குத் தெரியுமா? சொல்லு கண்ணு...”