அலாரத்தை அணைத்த விரல்

செப்டம்பர் 28, ஞாயிறு. இன்றைய தவறு: வாலுவின் இன்சுலின் பம்பில் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடியது. அவள் குளிக்கப் போனபோது கழற்றி வைத்திருந்தாள். சரிசெய்யப் போய் வேறு பட்டனை அழுத்திவிட்டேன். பழைய பதிவுகள் திறந்துகொண்டன. முந்தைய சொந்தக்காரியின் பதிவுகள். உடனே மூடிவிட்டேன். திறந்தது தவறா, படிக்காமல் மூடியது தவறா என்று...

அக்கா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

போன் அலறியது!

எண்ணைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மூன்று மாதத்துக்கு முன் அந்த இன்சுலின் பம்பை இவர்களுக்கு விற்றவர்.

"சொல்லுங்க சார்! நானே கூப்பிட்டு நன்றி சொல்லணும்னு இருந்தேன். இந்த மாசமும் பார்சல் வந்து சேர்ந்தது."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும்.

"சார்...?"

"அந்த பம்பைத் திருப்பிக் குடுத்துடும்மா."

"என்னது?"

"புதுசு வாங்கித் தர்றேன். பிரிக்காத பெட்டி. பில்லோட, கேரண்டியோட. பழசை மட்டும் என்கிட்ட குடுத்துடு."

"பழசுக்குப் புதுசா? யாராவது அப்படிக் குடுப்பாங்களா சார்?"

"கேள்வி கேக்காதம்மா! இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

டொக்!

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்ன வேணுமா? நான் எதுவுமே கேட்கவில்லையே!

பம்பு மேசை மேல் கிடந்தது. சீட்டுக்கட்டு அளவுதான். அதை இடுப்பில் செருகிக்கொண்டால், மெல்லிய குழாய் ஒன்று வயிற்றில் ஒட்டிய 'செட்' என்ற சின்ன ஊசி முனைக்குப் போகும். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இன்சுலின் உள்ளே இறங்கும். முதுகில் பாதி உரிந்த பூனை ஸ்டிக்கர். பழைய சொந்தக்காரி ஒட்டியது.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் இரண்டே பேர். அக்காவும், சர்க்கரை நோயுள்ள பத்தொன்பது வயதுத் தங்கை வாலுவும். அக்காவுக்குப் பகலில் லாண்டரி, அடுத்தவர் சட்டைக் கறை. மாலையில் கணக்கியல் வகுப்பு. இரவில்... தூக்கம் கிடையாது. எழுந்து எழுந்து வாலுவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வியர்த்திருந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம்.

பம்பு வந்தது. தூக்கம் வந்தது. கூடவே செட்டுக்கான பில்லும் வந்தது!

மூன்று நாளைக்கு ஒரு செட் மாற்ற வேண்டும். முதல் மாதம் ஐந்து நாள், ஆறு நாள் என்று இழுத்தார்கள். வயிற்றில் ஒட்டிய இடம் தக்காளியாகச் சிவந்து வீங்கியது. டாக்டர் திட்டித் தீர்த்தார். பம்பையே விற்றுவிடலாமா என்று அக்கா யோசித்த வாரத்தில்தான்...

பார்சல்!

ஒரு மாதத்துக்கான செட், இன்சுலின் நிரப்பும் குப்பிகள். அனுப்பியவர் கண்ணாடிக் கடைக்காரர். 'தங்கச்சி வெளிநாடு போயிட்டா, அங்கேயே புது பம்பு வாங்கிட்டா' என்று சொல்லி விற்றவர். மிச்சம் இருந்ததை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தாள். அடுத்த மாதமும் வந்தது.

நல்ல மனுஷன்! அப்படித்தான் நினைத்திருந்தாள். இந்த போன் வரும் வரை.

பட்டனை மறுபடி அழுத்தினாள். இந்த முறை தெரிந்தே.

மே மாதம். ஒரு புதன்கிழமை. மதியம்.

மருந்து. மறுபடி மருந்து. மறுபடி...

வாலுவின் உடம்பில் இரண்டு நாளில் ஏறும் மருந்து கொஞ்ச நேரத்துக்குள் ஏறியிருந்தது!

பிறகு ஒரு அலாரம். 'மருந்து தீரப் போகிறது.' அணைக்கப்பட்டது.

இன்னொரு அலாரம். 'மருந்து தீர்ந்துவிட்டது.' அணைக்கப்பட்டது.

மறுபடி அலாரம். அணைக்கப்பட்டது.

அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

அக்கா மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவ்வளவு மருந்து ஏறினால் நினைவு தப்பிவிடும். நினைவு தப்பியவள் கையைத் தூக்கிப் பட்டனை அழுத்த முடியாது.

அப்படியானால்... அலாரத்தை அணைத்தது யார்?

"என்னக்கா, என் பூனையை நோண்டிட்டிருக்கே?"

தூக்கிவாரிப் போட்டது. வாலு! தலையில் துண்டு, கையில் சீப்பு.

"மணி... மணி சரி பண்ணினேன்டி. நாலு நிமிஷம் தப்பா ஓடிச்சு."

"நாலு நிமிஷத்துக்கா இந்த மூஞ்சி? ஒரு மணி நேரம் தப்பியிருந்தா ஒப்பாரியே வெச்சிருப்பே!"

"வாலு... இதோட பழைய சொந்தக்காரியைப் பத்தி உனக்கு ஏதாவது தெரியுமா?"

சீப்பு தலையில் அப்படியே நின்றது. ஒரே ஒரு விநாடி.

"பூனைன்னா பிடிக்கும்னு தெரியும். வேற என்ன தெரியணும்?"

பம்பை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஒரு விநாடியை அக்கா கவனித்தாள். டைரியில் மட்டும் எழுதவில்லை.

மறுநாள் மாலை வகுப்புக்கு மட்டம் போட்டாள். நேராகக் கண்ணாடிக் கடை.

சுவர் முழுக்கக் கண்ணாடியில்லாத ஃபிரேம்கள். நூற்றுக்கணக்கான வெற்றுக் கண்கள் அவளையே பார்த்தன. கடைக்காரர் சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஃபிரேமின் திருகை முடுக்கி, எதிரில் நின்ற பெரியவரின் மூக்கில் மாட்டிவிட்டார்.

"இதுல நான் எப்படி இருக்கேன்?" என்றார் பெரியவர்.

"முதல்ல எதிர்ல இருக்கிறது தெரியுதான்னு பாருங்க சார். அழகை வீட்ல சொல்லுவாங்க."

பெரியவர் போனார். கடைக்காரர் நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"பம்பு கொண்டாந்தியா?"

"உங்க தங்கச்சி எந்த ஊர்ல இருக்காங்க சார்?"

"...எதுக்கு?"

"பேசணும். பம்பைப் பத்தி ஒரு சந்தேகம்."

அவர் எழுந்தார். அவளைத் தாண்டி வாசலுக்குப் போனார். கையை உயர்த்தினார்.

தடால்!

ஷட்டர் விழுந்தது!

கடை இருண்டது. வேலை மேசை விளக்கு மட்டும் எரிந்தது. அவர் கையில் இன்னும் அந்த ஸ்க்ரூடிரைவர்...

"பம்பு எங்கே?"

"என் தங்கச்சி இடுப்புல இருக்கு." என்றாள் அக்கா. "நான் இங்க வந்திருக்கிறது அவளுக்குத் தெரியும்."

பொய்! யாருக்குமே தெரியாது.

அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். அக்கா பின்னால் நகர்ந்தாள். தோள் இடித்து நாலைந்து ஃபிரேம்கள் சரசரவென்று கொட்டின.

இன்னொரு அடி...

ஸ்க்ரூடிரைவர் தரையில் விழுந்து உருண்டது. அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"பயப்படாதேம்மா. ரோட்ல போறவங்க பார்ப்பாங்கன்னுதான் ஷட்டரை இறக்கினேன். கடைக்காரன் அழுதா எவன் கண்ணாடி வாங்குவான்?"

அக்காவுக்கு ஓட வேண்டும் போலவும் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அவங்க உயிரோட இல்லை. அதானே சார்?"

"பன்னெண்டு வயசுல சர்க்கரை வந்துச்சும்மா அவளுக்கு. அப்பா, அம்மா இல்லை. நான்தான். செட், குப்பி, பேட்டரி, டாக்டர்... என் கல்யாணம் தள்ளிப் போச்சு. மறுபடி தள்ளிப் போச்சு. அப்புறம் தள்ளிப் போடறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு." மூக்கை உறிஞ்சினார். "அன்னிக்கு மதியம் தூங்கிட்டிருந்தா. பேட்டரி மாத்தச் சொல்லி பம்பு கீ கீன்னு கத்துச்சு. மாத்தத்தான் போனேன். சத்தியமா மாத்தத்தான் போனேன்..."

"அப்புறம்?"

"விரல் வேற பட்டனுக்குப் போயிடுச்சு."

"ஒரு தடவையா?"

அவர் காலடியில் கிடந்த ஒரு ஃபிரேமை எடுத்து மடக்கினார்.

"இல்ல."

வெளியே யாரோ சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள்.

"பக்கத்துலயே உக்காந்திருந்தேன்மா. அலாரம் அடிச்சா முழிச்சுக்குவாளேன்னு அணைச்சேன். முழிச்சுக்க மாட்டாளான்னும் இருந்துச்சு. ரெண்டும் நான்தான்."

"டாக்டர் ஒண்ணும் கேக்கலையா?"

"சர்க்கரைக்காரி, தூக்கத்துலயே போயிட்டான்னு எழுதிட்டார். வந்தவங்க எல்லாம் எனக்குத்தான் ஆறுதல் சொன்னாங்க."

"இதை எதுக்கு சார் வித்தீங்க? உடைச்சு எறிஞ்சிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே!"

"எறியத்தான் பாலத்துக்குக் கொண்டுபோனேன். கை வரலை." முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். "நல்லா வேலை செய்யற பம்பும்மா. அதுக்காக எத்தனை வருஷம் மாடா உழைச்சிருக்கேன்! தண்ணியில போட மனசு வரலை. யாரோ ஒரு பிள்ளைக்கு உதவட்டும்னு தோணுச்சு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவளாக இருந்தாலும் எறிந்திருக்க மாட்டாள்!

"இதெல்லாம் எதுக்கு என் வாயால கேக்கறே? உனக்குத்தான் தெரியுமே. எழுதினது நீதானே?"

"நான் என்ன எழுதினேன்?"

"செய்தி வந்த நம்பருக்குக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறே. அதான் நேத்து உன் நம்பருக்கே கூப்பிட்டேன்."

போனை நீட்டினார். திரையில் ஒரு செய்தி.

'மாசம் ஒண்ணாம் தேதி செட் ஒரு பெட்டி, குப்பி ஒரு பெட்டி அனுப்பவும். அனுப்பினால் அலாரத்தை அணைத்தது யாரென்று கேட்க மாட்டேன். இப்படிக்கு, பூனை.'

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். அனுப்பிய எண் அவளுக்கு மனப்பாடம்.

"பூனைன்னுதாம்மா அவளைக் கூப்பிடுவேன்," என்றார் அவர். "அந்தப் பேரைப் பார்த்ததும் அவளே எழுதினாப்ல ஆயிடுச்சு. அவளுக்குச் செட் வாங்கறது முடிஞ்சுதுன்னு நினைச்சேன். முடியலை. இன்னமும் அவளுக்குத்தான் வாங்கிட்டிருக்கேன்."

"ஷட்டரைத் தூக்குங்க சார்."

தூக்கினார். வெளிச்சத்தில் கண் கூசியது.

"உனக்கும் அலுத்துப் போகும்மா," என்றார் பின்னாலிருந்து. மிரட்டல் இல்லை. அனுதாபம். "இப்பத் தெரியாது."

வீட்டில் வாலு கட்டிலில் உட்கார்ந்து புதுச் செட்டை வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள். மாற்ற வேண்டிய நாள்.

"நீதானாடி அது?"

வாலு நிமிரவில்லை. குழாயைப் பம்பில் மாட்டினாள். காற்றுக் குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள்.

"கடைக்குப் போயிட்டு வந்தியா?"

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வாங்கின முதல் வாரமே. குடி போற வீட்ல அலமாரியைத் திறந்து பார்க்க மாட்டாங்களா? அந்த மாதிரிதான். அப்ப வாயை மூடிட்டு இருந்தேன். வயிறு வீங்கினப்பதான் எழுதினேன்."

"போலீசுக்குப் போகாம மிரட்டியிருக்கே!"

"மிரட்டல்னு ஏன் சொல்றே? சந்தான்னு சொல்லு."

அக்கா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"ஒரு பொண்ணு செத்திருக்காடி!"

"எனக்குத் தெரியாதா? ராத்திரி பகலா அவளைத்தானே இடுப்புல வெச்சுக்கிட்டுத் திரியறேன்!"

கை கீழே இறங்கியது.

"கஷ்டம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் இன்னொரு வேலை பார்த்திருப்பேனே..."

"அதனாலதான் சொல்லலை!" வாலுவின் குரல் உடைந்தது. "இன்னொரு வேலை பார்ப்பே. அப்புறம் வகுப்பை விடுவே. அப்புறம் கல்யாணத்தை விடுவே. நீ அந்த ஒரு புதன்கிழமையைத்தானே பார்த்தே? அதுக்கு முந்தின நாளையெல்லாம் பார்த்தியா? ஒரு வேளை மருந்து தவறலைக்கா. செட்டை மூணாம் நாள் கரெக்டா மாத்தியிருக்கார். நாலு நிமிஷம் தப்பினா பதறுற ஆளுதான் அவரும். அச்சு அசல் உன்னை மாதிரி."

அக்கா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் தைரியசாலி இல்லை. பயந்துதான் எழுதினேன்."

"அந்த ஆளுக்கா?"

வாலு முதல் முறையாக நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"உனக்கு!"

அறையில் பம்பு மட்டும் மெல்ல ஒரு தடவை 'க்ளிக்' என்றது. ஒரு சொட்டு.

அப்படியெல்லாம் எனக்கு வராது என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். கடைக்காரரும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பார். மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்டி. அலுத்துச்சுன்னா சொல்லிடறேன். முதல்ல உன்கிட்டதான் சொல்வேன். நீ பதிலுக்கு என்னைக் கன்னாபின்னான்னு திட்டு. போதுமா?"

"திட்டறதெல்லாம் இப்பவே நடக்குதே!" அழுகையினூடே வாலு சிரித்தாள். பிறகு பம்பின் முதுகில் இருந்த பூனையைக் கட்டை விரலால் தடவினாள். "இதைக் குடுத்துடணும். இல்லையா?"

"ஆமா."

"போலீஸ் இதைத் திருப்பித் தராது."

"தராது."

"மறுபடி ஊசி. மறுபடி நீ ராத்திரியெல்லாம் எழுந்து..."

"எழுந்துக்கறேன்."

வாலு அவள் தோளில் சாய்ந்தாள். எடை ஒன்றும் அதிகமில்லை. அக்கா நகரவில்லை.

செப்டம்பர் 29, திங்கள். இன்றைய தவறு: ஒருவரின் தவறைச் சொல்லிவிட்டு மற்றவளுடையதை விட முடியாது. அதனால் எழுதவில்லை.

நாளை: காலையில் டாக்டருக்கு போன் செய்து ஊசி அளவு கேட்க வேண்டும். மருந்துக் கடையில் ஊசியும், நாள் முழுக்க நிற்கும் இன்சுலினும் வாங்க வேண்டும். ஊசி கைக்கு வரும் வரை பம்பு வாலுவிடமே இருக்கட்டும். பிறகு காவல் நிலையம். பம்பையும், பிரிக்காத செட்களையும், குப்பிகளையும் ஒப்படைக்க வேண்டும்.

அதற்குக் கீழே, பென்சிலில், கோணல் மாணலாக வேறொரு கையெழுத்து:

'கூடவே ஒரு மிரட்டல்காரியையும் ஒப்படைக்கணும். பழசுதான். பில்லும் இல்லை, கேரண்டியும் இல்லை... திருப்பி வாங்கிட்டு வர மறந்துடாதே!'