வாலுக்குள் இருந்த கனம்

விமானத்தில் தனக்கு இடமில்லை என்பது செவ்வாய்க்கிழமை மாலைதான் டெல்லாவுக்குத் தெரிந்தது.

அது ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம். ஆனால் கையில் வைத்து விளையாடுகிற அளவு இல்லை. இறக்கைகளை மாட்டினால் கொட்டகையில் வேறு யாரும் நிற்க முடியாது. அப்பாவும் அண்ணன் ஃபெர்கஸும் சேர்ந்து செய்தது. விமானியின் இருக்கையில், இரட்டைப் பின்னலோடு ஒரு மரப்பொம்மை உட்கார்ந்திருக்கும். அண்ணன் டெல்லாவைப் பார்த்துச் செதுக்கியது. முன்பல் விழுந்த இடத்தைக் கூட விடவில்லை.

"நீ உள்ள உக்காந்துக்கோ. நான் கீழே நின்னு ஓட்டுறேன்" என்பான் ஃபெர்கஸ். மைதானத்துக்குக் கொண்டுபோகும்போது அவன் மூக்குப் பக்கம் தூக்குவான், டெல்லா வால் பக்கம் தூக்குவாள்.

இந்த வருஷம் அவன் அடிலெய்டில் விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டான். அம்மாவுக்கு பீட்டர்பரோ மருத்துவமனையில் இரவு வேலை. பகலில் தூங்குவாள். அதனால் வீட்டில் எல்லோரும் கிசுகிசுத்துத்தான் பேச வேண்டும். டெல்லாவின் பள்ளியில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். அவள் வகுப்பில் அவள் மட்டும்தான். முதல் ரேங்கும் அவளே, கடைசி ரேங்கும் அவளே.

சனிக்கிழமை ஃபெர்கஸ் வருகிறான். அதற்குள் விமானம் தயாராக வேண்டும். அந்த நாளைத்தான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

விமானத்தில் முன்பு பெட்ரோல் இஞ்சின் இருந்தது. அது போடுகிற சத்தத்தில் பக்கத்துப் பண்ணை ஹில்டாவின் ஆடுகள் மிரண்டு ஓடின. அது ஆடுகள் குட்டி போடுகிற பருவம்.

"டெஸ், உன் விமானம் பறக்கட்டும், நான் வேணாங்கல" என்று அப்பாவிடம் வந்து சொன்னாள் ஹில்டா. "ஆனா அது வாயைத் திறக்கக் கூடாது."

அதனால் அப்பா இஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பேட்டரியும் வைத்தார். இப்போது சத்தம் இல்லை. எடைதான் தகராறு செய்தது. ஏழு கிலோவைத் தாண்டினால் மாதிரி விமானச் சங்கத்திலிருந்து பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அடுத்த மாதம்தான் வருவார்.

அப்பா பழைய பெட்ரோல் தொட்டியை எடுத்தார். கனமான சக்கரங்களைக் கழற்றி லேசானவற்றை மாட்டினார். உள்கட்டைகளில் ஓட்டை போட்டார். பிறகு மீன் எடை போடும் தொங்கு தராசில் விமானத்தை மாட்டினார்.

"இன்னும் நூத்திமுப்பது கிராம் அதிகம்" என்றார். அவர் கண் விமானியின் இருக்கைக்குப் போனது. "பொம்மை நூத்தி நாப்பது இருக்கும். இதை எடுத்துட்டா முடிஞ்சுது."

டெல்லா பொம்மையை வாங்கித் தன் அறை ஜன்னலில் வைத்தாள். அது வெளியே வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் பள்ளி முடிந்ததும் நேரே கொட்டகைக்குப் போனாள். அப்பா மூக்குப் பகுதியில் ஒரு ஈயக்கட்டியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"எடையைக் குறைக்கணும்னுதானே சொன்னீங்க? இது என்ன?"

"இது இல்லாம முடியாதும்மா. நேத்து எடை போட்டப்பவே இது உள்ள இருந்துச்சு, இப்ப இறுக்குறேன். வால் தாழ்ந்துபோகுது. பேட்டரியை எவ்வளவு முன்னாடி தள்ளியும் போதல. நானூறு கிராம் வெச்சாத்தான் நேரா நிக்குது."

"வால் ஏன் தாழுது?"

"பழைய இஞ்சின் கனம். மோட்டார் லேசு. மூக்கு லேசானா வால் தாழத்தானே செய்யும்?"

"வால்ல வெறும் பால்சா மரம்தானே இருக்கு, பஞ்சு மாதிரி லேசா? ஏன் இவ்வளவு கனம்?"

அப்பா திருப்புளியால் தலையைச் சொறிந்துகொண்டார்.

டெல்லா எத்தனையோ தடவை அந்த வாலைத் தூக்கியவள். அவளுக்கு அதன் கனம் தெரியும். விமானத்தின் முதுகில் விரலால் தட்டிக்கொண்டே பின்னால் போனாள். டொக், டொக் என்று காலியான சத்தம். கடைசியில் மட்டும் சத்தம் அமுங்கியது.

"அப்பா, இங்க என்னமோ இருக்கு."

"ஒண்ணும் இருக்காது. இதைச் செஞ்சவன் நான்."

"கஸ்ஸும் செஞ்சான்" என்றாள் டெல்லா. வீட்டில் ஃபெர்கஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். விடுதிக்குப் போன் போட்டாள்.

"கஸ், வாலுக்குள்ள ஏதாவது வெச்சியா?"

ஃபெர்கஸ் சிரித்தான். "தூண்டில் ஈயம். ஒரு கைப்பிடி. அப்பாவோட இஞ்சின் யானை கனம், மூக்கு தரையைத் தொட்டுச்சு. அதான் வால்ல போட்டு ஒட்டிட்டேன். அப்பாகிட்ட சொன்னேனே."

"அப்பா, உங்ககிட்ட சொன்னானாம்."

"சொல்லியிருப்பான்" என்றார் அப்பா. "இஞ்சின் ஓடிட்டு இருந்திருக்கும். எனக்குக் கேட்டிருக்காது."

வாலின் அடியில் சின்னதாக ஒரு சதுரம் வெட்டினார். உள்ளே இருநூறு கிராம் தூண்டில் ஈயம் பசையோடு உறைந்து கிடந்தது. இல்லாத இஞ்சினுக்காக அது வாலில் கிடந்தது. அதைச் சமன்செய்ய மூக்கில் இன்னொரு ஈயம். இரண்டையும் எடுத்தார்கள். பேட்டரியைச் சற்று நகர்த்தியதும் விமானம் நேராக நின்றது.

தராசில் அறுநூறு கிராம் குறைந்திருந்தது.

அப்பா விமானத்தைத் தராசிலிருந்து இறக்கினார். "ஓடிப் போய் விமானியைக் கூட்டிட்டு வா" என்றார். "அவளுக்கு மதியச் சாப்பாடும் கட்டி வெக்கலாம். அவ்வளவு இடம் இருக்கு."

சனிக்கிழமை விமானம் பறந்தது. மெல்லிய ரீங்காரம் மட்டும்தான் கேட்டது. ஹில்டாவின் ஆடுகள் தலையைக் கூடத் தூக்கவில்லை. மேலே, கண்ணாடிக்குப் பின்னால், இரட்டைப் பின்னல் பளிச்சென்று தெரிந்தது. டெல்லா கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நாளை மாலை ஃபெர்கஸின் பேருந்து. அது அவளுக்கு நினைவு வராமல் இல்லை.

இறங்கியதும் அப்பா இறக்கைகளைக் கழற்றி வண்டியில் வைத்தார். "விமானத்தோட உடம்பு இப்ப ரொம்ப லேசு கஸ். நீ ஒருத்தனே தூக்கிட்டு வந்துடலாம்."

ஃபெர்கஸ் குனிந்து மூக்கைப் பிடித்தான். தூக்கவில்லை. திரும்பிப் பார்த்தான்.

"வால் பக்கம் யாரு?"

டெல்லா அதற்குள் வாலைப் பிடித்திருந்தாள்.